ஒன்பது இலக்கம் கேட்கும் குரல்

2022இல் தமிழ்நாட்டுச் செல்போன்களில் ஒரு குறுஞ்செய்தி விடாமல் சுற்றியது. போன மாத மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் வீட்டு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே மின்வாரிய அதிகாரியை இந்த எண்ணில் கூப்பிடுங்கள் என்றது அது. வேறு மாநிலங்களிலும் இதே வாசகம், வாரியத்தின் பெயர் மட்டும் மாறி வந்தது. இங்கே மின்வாரியம் எச்சரித்தது. அப்போது காவல்துறைத் தலைமை இயக்குநராக இருந்த சைலேந்திர பாபு காணொளியில் வந்து எச்சரித்தார். அதற்குப் பிறகும் பலருடைய பணம் போனது.

நிதானமாகப் படித்தால் அந்தச் செய்தி முதல் வரியிலேயே பிடிபட்டுவிடும். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ரீடிங் எடுக்க வருபவர் வெள்ளை அட்டையில் குறித்துவிட்டுப் போவதைப் பார்த்துப் பழகிய, ராஜபாளையம் பக்கத்து வன்னியம்பட்டிக்காரர் யாருக்கும் ‘போன மாத பில்’ என்று தனியாக ஒன்று கிடையாது. கட்டாவிட்டாலும் அன்றிரவே கரண்ட் போகாது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, துண்டிப்பதற்கு முன் 15 நாள் எழுத்துமூல அறிவிப்பு தர வேண்டும் என்கிறது. நடைமுறையிலும் லைன்மேன் பகலில் வந்து ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போவாரே தவிர, ராத்திரி ஒன்பதரைக்கு யாரும் வருவதில்லை.

தெரிந்தும் ஏன் கூப்பிட்டார்கள்? அந்த 9.30 மணியில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஈபி ஆபீஸ் பூட்டியிருக்கும் நேரம். நேரில் போய்க் கேட்க வழியில்லை. வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோ, ஃபேன் இல்லாமல் தூங்க முடியாத பெரியவரோ இருப்பார்கள். கையில் இருப்பது அந்த ஒரு நம்பர்தான். போட்டால் முதல் ரிங்கிலேயே எடுக்கிறார்கள், ‘சார்’ என்று மரியாதையாகப் பேசுகிறார்கள். ‘நீங்க பணம் கட்டிட்டீங்க சார், சிஸ்டத்துல ஏறல. ஒரு ஆப் போடுங்க, பத்து ரூபா மட்டும் கட்டுங்க, நான் ஏத்திவிட்டுடறேன்.’ அந்த ஆப்தான் டீம்வியூவர் குவிக் சப்போர்ட், அல்லது எனிடெஸ்க். திரையில் தோன்றும் எண்ணைப் படித்துச் சொல்லி, கேட்கும் அனுமதிக்கெல்லாம் சரி என்று அழுத்தியதும், நம் போனின் திரை முழுவதும் எங்கோ உட்கார்ந்திருப்பவன் கண்முன் விரிகிறது. பத்து ரூபாய் கட்ட நாம் தட்டும் கார்டு எண்ணை அவன் பார்க்கிறான். அதே திரையின் உச்சியில் வந்து விழும் ஓடிபியையும் பார்க்கிறான். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கி ஆயிரம் முறை சொன்னதைப் பறிகொடுத்தவர் கடைப்பிடித்திருக்கிறார். வாய் திறந்து அவர் எதையும் சொல்லவில்லை.

இந்த வழி 2022இல் புதிதாக முளைத்ததன்று. 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி, எனிடெஸ்க் செயலியின் பெயரைச் சொல்லியே வங்கிகளை எச்சரித்திருந்தது. ஒன்பது இலக்க எண் கேட்கப்படுவதும், அது கிடைத்தபின் யுபிஐ வழியாகப் பணம் எடுக்கப்படுவதும் அதில் வரிசையாக இருந்தன. மூன்று ஆண்டுக்குப் பிறகு அச்சு மாறாமல் அதே வித்தை, மின்வாரியத்தின் பெயரில், தமிழ்நாட்டில் நடந்தது. அந்த எச்சரிக்கை வங்கிகளின் கோப்புகளைத் தாண்டி, பாஸ்புக் பதிய வரிசையில் நிற்பவர் காதுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இதன் வேர் இன்னும் பின்னால் இருக்கிறது. 2000களின் கடைசியிலிருந்தே அமெரிக்க, பிரிட்டன், ஆஸ்திரேலிய வீடுகளுக்கு ‘மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்’ என்று அழைப்புகள் போகத் தொடங்கின. அழைத்தவர்களில் பெரும்பகுதியினர் நம் நாட்டிலிருந்து பேசினார்கள். 2012 அக்டோபரில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் இப்படிப்பட்ட ஆறு கும்பல்கள்மீது வழக்குத் தொடுத்தபோது, அவற்றில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து இயங்கியவை. 2018இன் கடைசி மாதங்களில் டெல்லியிலும், அதை அடுத்த குர்கான், நொய்டாவிலும் இருபதுக்கும் மேற்பட்ட போலி கால் சென்டர்கள் சோதனையிடப்பட்டன. 2023 அக்டோபரில் சிபிஐ, ‘ஆபரேஷன் சக்ரா 2’ என்ற பெயரில் 76 இடங்களில் தேடியது. மைக்ரோசாஃப்டும் அமேசானும் கொடுத்த புகார்களும் அதில் அடக்கம். 2025 மே மாதம் 19 இடங்களில் நடந்த சோதனை, ஜப்பானிய முதியவர்களை ஏமாற்றிய கூட்டத்தைத் தேடி நடந்தது. அமெரிக்காவின் எஃப்பிஐ கணக்குப்படி, 2023இல் மட்டும் இவ்வகைத் ‘தொழில்நுட்ப உதவி’ மோசடியில் அந்நாட்டவர் இழந்தது 92 கோடி டாலருக்கு மேல். பறிகொடுத்தவர்களில் அறுபது வயது கடந்தவர்களே அதிகம்.

அவர்கள் பயமுறுத்திய விதத்தைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஒவ்வொரு விண்டோஸ் கணினியிலும் பலிக்கும். ‘ஈவென்ட் வியூவர்’ என்று ஒரு பகுதி விண்டோஸிலேயே இருக்கிறது. கணினிக்குள் நடக்கும் சின்னச் சின்னத் தடங்கல்களை அது நாட்குறிப்புபோலப் பதிந்துகொண்டே வரும். நேற்று வாங்கிய கணினியில்கூடச் சிவப்புக் குறியும் மஞ்சள் குறியும் நூற்றுக்கணக்கில் கிடக்கும்; அவற்றால் கெடுதல் ஒன்றுமில்லை. அதைத் திறக்கச் சொல்லி, ‘எத்தனை சிவப்பு இருக்கிறது, எண்ணிச் சொல்லுங்கள்’ என்பார்கள். எண்ணுகிறவருக்கு எண்ண எண்ண நடுக்கம் வரும். அடுத்து ஒரு கறுப்புத் திரையில் ‘நெட்ஸ்டாட்’ என்று தட்டச் சொல்வார்கள். நம் கணினி அந்நேரம் எந்தெந்த இணையதளத்தோடு தொடர்பில் இருக்கிறது என்ற சாதாரணப் பட்டியல் அது. அதில் ‘ஃபாரின் அட்ரஸ்’ என்று ஒரு தலைப்பு இருக்கும். ‘பாருங்கள், வெளிநாட்டு ஹேக்கர்கள் உள்ளே இருக்கிறார்கள்’ என்பார்கள். இன்னொரு பட்டியலில் வரும் நீண்ட எண் ஒன்றைக் காட்டி, இது உங்கள் கணினிக்கு மட்டுமே உரிய உரிம எண், எங்களிடமும் இருக்கிறது, ஒப்பிட்டுக்கொள்ளுங்கள் என்பார்கள். அந்த எண் உலகத்திலுள்ள எல்லா விண்டோஸ் கணினியிலும் ஒன்றேதான். ஆகக் காட்டிய எதுவும் போலி கிடையாது, சொன்ன விளக்கம்தான் பொய். அதனால்தான் ஓரளவு கணினி தெரிந்தவர்களும் தடுமாறினார்கள்.

பிற்பாடு இந்த அழைப்பே தேவைப்படவில்லை. ஏதோ ஓர் இணையதளத்தில் தவறி அழுத்தினால் திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு சிவப்பில் ஓர் அறிவிப்பும் அபாயச் சங்கும் வரும், கீழே ஒரு தொலைபேசி எண்ணோடு. பயந்தவர் தாமே கூப்பிடுவார். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் தருவதே இல்லை. எண் இருந்தால் அது மோசடி என்று அந்நிறுவனமே சொல்லியிருக்கிறது. எஸ்கேப் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தாலோ, டாஸ்க் மேனேஜரில் உலாவியை மூடினாலோ அந்தத் திரை போய்விடும்.

இங்கே ஒரு கேள்வி எழும். முன்பின் தெரியாதவனுக்குத் தன் கணினியை ஒருவர் எப்படித் திறந்துவிடுவார்? சத்திரப்பட்டிப் பக்கம், பேண்டேஜ் துணி வியாபாரம் செய்யும் ஏதாவது ஒரு சிறிய அலுவலகத்தில் மாதத்தின் 20ஆம் தேதி போய் உட்கார்ந்து பார்த்தால் பதில் கிடைக்கும். ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். கணக்கு எழுதும் டேலி மென்பொருள் நின்றுவிட்டது. கணக்குப் பார்க்கும் பெண் சர்வீஸ் ஆளுக்குப் போன் போடுகிறார். ‘அக்கா, எனிடெஸ்க் நம்பர் சொல்லுங்க’ என்கிறார் அந்தத் தம்பி. இவர் ஒன்பது இலக்கத்தையும் படிக்கிறார், வரும் கேள்விக்கு ‘அக்செப்ட்’ கொடுக்கிறார், மவுஸை விட்டுக் கையை எடுத்துவிட்டு பில் ஃபைலைப் புரட்டுகிறார். அம்புக்குறி தானாக நகர்ந்து வேலை பார்க்கிறது. கால் மணி நேரத்தில் டேலி ஓடுகிறது. தம்பி போனை வைத்துவிட்டார், எனிடெஸ்க் மூடப்படவில்லை. ஒவ்வொரு முறையும் கூப்பிட வேண்டாம் என்று நிரந்தரக் கடவுச்சொல்லும் போட்டு வைத்திருக்கிறார்கள். முதலாளியின் டிஜிட்டல் கையெழுத்து யுஎஸ்பி அதே கணினியில் செருகியபடி இருக்கிறது. நெட்பேங்கிங் கடவுச்சொல்லை உலாவி நினைவில் வைத்திருக்கிறது.

நேர்மையான வேலைக்காகவே நாம் அந்த எண்ணைச் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆடிட்டர் அலுவலகம் கேட்கிறது, பில்லிங் மென்பொருள்காரர் கேட்கிறார், பெங்களூரில் இருக்கும் மகன் அப்பாவின் போனைச் சரிசெய்யக் கேட்கிறான். எனவே, தொலைவிலிருந்து இயக்கும் செயலியை ஏற்றவே கூடாது என்ற அறிவுரை சிறுதொழில் செய்பவர் காதில் ஏறாது. அது இல்லாமல் அவர் பிழைப்பு நடக்காது. மோசடிக்காரன் புதுப் பழக்கம் எதையும் நமக்குக் கற்றுத்தரவில்லை, இருக்கும் பழக்கத்துக்குள் நுழைந்துகொள்கிறான். பிரிட்டனில் டாக்டாக் என்ற தொலைபேசி நிறுவனம் 2017இல் தன் வாடிக்கையாளர்களைக் காக்க டீம்வியூவரையே தடுத்துப் பார்த்தது; நேர்மையாகப் பயன்படுத்தியவர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும் தடையை விலக்கிக்கொள்ள நேர்ந்தது.

ஆகவே வேறு இரண்டு கேள்விகள்தாம் உதவும். முதலில் கூப்பிட்டது யார்? நாம் தெரிந்த ஆளை, தெரிந்த எண்ணில் கூப்பிட்டு உதவி கேட்டோமா, அல்லது அவன் நம்மைத் தேடி வந்தானா? அடுத்தது, திறந்துவிடப்போகும் கருவியில் பணம் இருக்கிறதா? டேலி ஓடும் கணினியில் நெட்பேங்கிங் வேண்டாம். வங்கிச் செயலி இருக்கும் போனில் திரைப் பகிர்வு வேண்டாம். சர்வீஸ் முடிந்ததும் செயலியை மூடி, நிரந்தரக் கடவுச்சொல்லை நீக்கி, யுஎஸ்பியைக் கழற்றி மேசை அறைக்குள் வைத்துப் பூட்டுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

முதல் கேள்வியிலும் ஒரு பொறி உண்டு. நாமே தேடிக் கூப்பிடும் எண் போலியாக இருக்கலாம். கூரியர் வரவில்லை, கேஸ் புக்கிங் ஆகவில்லை என்றால் கூகுளில் ‘கஸ்டமர் கேர்’ என்று தேடுகிறோம். 2018இல் மும்பைப் பக்கம் பேங்க் ஆஃப் இந்தியாவின் கிளை விவரத்தில் இருந்த தொலைபேசி எண்ணை மோசடிக்காரர்கள் கூகுள் மேப்ஸிலேயே மாற்றிவிட்டார்கள், கூப்பிட்டவர்கள் நேராக அவர்களிடம் போய்ச் சேர்ந்தார்கள். எண்ணைத் தேடக் கூடாது. கார்டின் பின்புறத்திலோ பாஸ்புக்கிலோ அச்சிட்டிருப்பதைப் பார்த்துத்தான் போட வேண்டும். ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி வங்கிகள் வாடிக்கையாளரை அழைக்க 1600 என்று தொடங்கும் எண்களைப் பயன்படுத்துகின்றன. வங்கி இணையதளங்களும் ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாறியிருக்கின்றன. இந்த இரண்டையும் ஊருக்குள் சுவரில் எழுதிப் போடலாம்.

ஏமாந்தவர் விவரமில்லாதவர் என்ற எண்ணத்தை விட்டுத் தொலைக்க வேண்டும். ஜிம் பிரௌனிங் என்ற புனைபெயரில் இயங்கும் பிரிட்டன்காரர், இந்தக் கால் சென்டர்களின் கணினிக்குள்ளேயே நுழைந்து அவர்களைப் படம்பிடித்து அம்பலப்படுத்தியவர். குர்கானில் நடந்த ஒரு மையத்தை அவர் உள்ளிருந்து காட்டியதை 2020இல் பிபிசி ஒளிபரப்பியது. அப்படிப்பட்டவரை 2021 ஜூலையில், யூடியூப் உதவிப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவன் நம்பவைத்து, அவருடைய சேனலை அவர் கையாலேயே அழிக்கவைத்துவிட்டான். வாழ்க்கையையே இதற்குக் கொடுத்தவருக்கு அது நேர்ந்தது என்றால், ஓய்வுபெற்ற மில் தொழிலாளியைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை.

நம் பக்கத்துக்கு ஹிந்தி தெரியாததே சில காலம் ஒரு காவலாக இருந்தது. புரியாத பாஷை என்று போனை வைத்துவிடுவோம். இப்போது நல்ல தமிழில் பேசுகிறார்கள். பேசுகிற பிள்ளைகளில் சிலர் தாங்களே சிக்கிக்கொண்டவர்கள் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று ஏஜென்ட் சொன்னதை நம்பிப் போய், மியான்மரின் மியாவாடியில் அடைத்துவைக்கப்பட்டு, ஆன்லைன் மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் உண்டு. அங்கே சிக்கிய சுமார் 300 இந்தியர்களில் 50 பேர் தமிழர்கள் என்று 2022 செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அக்டோபரில் முதல் தொகுதியாக 13 பேர் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். இஞ்சினியரிங் முடித்து வேலை கிடைக்காத பிள்ளைகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கும் மாவட்டம் நம்முடையது. மோசடிக்கு இரை தேடுகிறவர்களும் ஆள் பிடிக்கிறவர்களும் ஒரே தெருவுக்குத்தான் வருகிறார்கள்.

பணம் போனது தெரிந்த அந்த நிமிடத்தில் என்ன செய்வது? முதலில் இணையத்தை அறுக்க வேண்டும்: போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள், கணினியானால் நெட் கேபிளைப் பிடுங்குங்கள். அவனோடு பேசிக்கொண்டிருக்காதீர்கள், திருப்பித் தருகிறேன் என்று அவன் இழுக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கை மாறுகிறது. அடுத்து, வேறொரு போனிலிருந்து இணைய மோசடிக்கான புகார் எண் 1930ஐக் கூப்பிடுங்கள். இந்த எண்ணின் பின்னால் 2021இல் தொடங்கிய ஓர் ஏற்பாடு இருக்கிறது. புகார் பதிவானதும் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் பறக்கிறது, அந்தக் கணக்கில் மிச்சமிருப்பது முடக்கப்படுகிறது. பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. கமிஷனுக்கு ஆசைப்பட்டு யார் யாரோ வாடகைக்குக் கொடுத்த கணக்குகள் வழியாக நாலைந்து கை மாறி ஏடிஎம்மில் எடுக்கப்பட்டுவிடும். அதற்குள் முந்திக்கொள்ள வேண்டும். 2024இல் இந்தியர்கள் இணைய மோசடிகளில் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்னது. 2023இல் அது 7,465 கோடி. இந்த ஏற்பாடு தொடங்கியதிலிருந்து 2025இன் நடுப்பகுதி வரை தடுத்துக் காப்பாற்றியது சுமார் 5,489 கோடி. போனதோடு பார்த்தால் குறைவுதான். ஆனால் காப்பாற்றப்பட்ட ஒவ்வொரு ரூபாயும் உடனே கூப்பிட்டவருடையது.

பிறகு வங்கிக்குத் தெரிவித்து புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். செயலியை நீக்குவதற்கு முன் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் போனை முழுவதும் அழித்துப் புதிதாக்கிவிடுவது நல்லது. அவன் வேறு எதை உள்ளே வைத்துவிட்டுப் போனான் என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மாவட்டத்துக்கு ஒரு சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. ஆள்மாறாட்டம் செய்து கணினி வழி ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்று ஆண்டுவரை சிறை உண்டு.

இதையெல்லாம் உடனே செய்யவிடாமல் தடுப்பது பெரும்பாலும் வெட்கம்தான். பிள்ளைகளுக்குத் தெரிந்தால் போனைப் பிடுங்கிக்கொள்வார்கள், மருமகள் முன்னால் தலைகுனிவு என்று பெரியவர்கள் இரண்டு மூன்று நாள் வாய் திறப்பதில்லை. சட்டப்படி அந்த நாட்களுக்கு விலை இருக்கிறது. 2017 ஜூலை 6ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் பிழையோ வாடிக்கையாளரின் பிழையோ இல்லாமல் வேறெங்கோ நடந்த கோளாறால் பணம் போயிருந்தால், மூன்று வேலைநாளுக்குள் சொன்னவருக்கு இழப்பே கிடையாது. நான்கிலிருந்து ஏழு வேலைநாள் என்றால் ஒரு வரம்புவரை இழப்பு அவருடையது. ஆனால் அவருடைய ‘அலட்சியத்தால்’ போனது என்றால், வங்கிக்குச் சொல்லும்வரை போனது முழுக்க அவர் தலையில்.

இந்த ‘அலட்சியம்’தான் என் கவலை. திரையைத் திறந்துவிட்டவரை வங்கிகள் உடனே அந்தக் கட்டத்துக்குள் தள்ளிவிடுகின்றன. பொறுப்பை நிரூபிக்க வேண்டியது வங்கிதான் என்று அதே சுற்றறிக்கை சொல்வதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அசாமில் ஒருவர் இணையத்தில் வாங்கிய உடையைத் திருப்பி அனுப்ப முயன்றபோது, அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை என்று பேசியவன் சொன்னபடி ஒரு செயலியை ஏற்றினார். 94,204 ரூபாய் போனது. ஒரு நாளுக்குள் ஸ்டேட் வங்கியிடம் சொன்னார். அலட்சியம் என்று வங்கி மறுத்தது. கௌகாத்தி உயர் நீதிமன்றம் வங்கியே பொறுப்பு என்றது. 2025 ஜனவரி 3ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு வங்கியின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. பணம் போனது 2021 அக்டோபரில். தொண்ணூற்று நாலாயிரம் ரூபாய்க்கு மூன்று ஆண்டுக்கு மேல், உச்ச நீதிமன்றம்வரை.

பிரிட்டனில் 2024 அக்டோபரிலிருந்து, ஏமாந்து தாமே அனுப்பிய பணத்தைக்கூட 85,000 பவுண்டுவரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதி ஏற்கின்றன. வாடகைக் கணக்கைக் கண்டும் காணாமல் விட்ட வங்கிக்கு அங்கே விலை உண்டு. சிங்கப்பூரில் நம் ஆட்கள் கணக்கு வைத்திருக்கும் ஓசிபிசி வங்கி, 2023 ஆகஸ்டிலேயே, ஆபத்தான அனுமதிகளோடு வெளியிலிருந்து ஏற்றிய செயலி போனில் இருந்தால் தன் செயலி திறக்காதபடி செய்தது. முதல் வாரத்தில் வாடிக்கையாளர்கள் திட்டினார்கள், வங்கி பின்வாங்கவில்லை. 2025இல் அந்நாடு கொண்டுவந்த சட்டம், ஏமாற்றப்படுகிறவர் நம்ப மறுத்தாலும் அவர் கணக்கைச் சில காலம் நிறுத்திவைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் தருகிறது. அந்தக் கடைசி அதிகாரம் நமக்கு வேண்டுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஒருவர் பணத்தின்மேல் காவலருக்கு அவ்வளவு பிடி கொடுப்பது இங்கே வேறு வகையில் போய் முடியலாம். மற்ற இரண்டும் நமக்கு வேண்டியவை. திரை வேறொருவர் பார்வையில் இருக்கும்போது நடந்த பரிவர்த்தனையை வாடிக்கையாளர் அனுமதித்ததாகக் கொள்ளக் கூடாது என்று 2017 சுற்றறிக்கையைத் திருத்த வேண்டும். திரைப் பகிர்வு ஓடும்போது திறக்க மறுக்கும் செயலியை எல்லா வங்கிக்கும் கட்டாயமாக்க வேண்டும்.

அந்தத் திருத்தம் வரும்வரை கிளை அளவில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஓய்வூதியர்கள் ஆண்டுக்கு ஒருமுறை வாழ்வுச் சான்று கொடுக்க ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கிளைகளுக்கு நேரில் வருகிறார்கள். அன்றைக்கே, அவர்கள் சம்மதத்தோடு, இணைய வழிப் பரிமாற்றத்தின் நாள் உச்சவரம்பை அவர்களுக்குத் தேவையான சில ஆயிரங்களுக்குக் குறைத்துவிடலாம். பயன்படுத்தாத நெட்பேங்கிங்கை நிறுத்திவிடலாம். வைப்புத்தொகையைக் கிளைக்கு நேரில் வந்தால்தான் உடைக்க முடியும் என்று மாற்றிவிடலாம். பாஸ்புக்கின் உள்ளட்டையில் 1930 என்று பெரிதாக எழுதிக் கொடுக்கலாம்.